உருண்டை விழுந்தால் பெண் கிடையாது

மதிப்பிற்குரிய ஷிகேயுகி அத்தான் அவர்களுக்கு, தோக்கியோ சுமிதா ஆற்றங்கரைச் சந்திலிருந்து உங்கள் மைத்துனன் ஹிராய்வா தொமோஜி பணிந்து எழுதும் கடிதம்.

மழைக்காலம் பிறந்து எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு தொட்டியில் ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூத்திருக்கிறது. செண்டாயில் உங்கள் வாசலிலும் பூத்திருக்கும். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன். நடந்த அத்தனைக்கும் காரணம் நீங்கள்தான்.

வீட்டு வயரிங் விதிகளைத் திருத்தும் குழுவில் நீங்கள் உட்கார்ந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. மரவீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பேட்டைகளில், பூமி ஆடியதும் கரண்ட் தானாக நிற்க வேண்டும் என்று எழுதினீர்கள். நல்ல விதி. விழுந்து கிடக்கும் ஹீட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் கரண்ட் திரும்பி வந்தால்தான் தெருவே எரிகிறது என்று சந்துக் கூட்டத்தில் நானே முக்கால் மணி நேரம் பேசினேன். "இதை எழுதினது யாரு தெரியுமா? எங்க அத்தான்!" என்று நடுநடுவே நான்கு தரம் சொன்னேன். புதிதாக வயரிங் செய்யும் வீட்டுக்கு ஆட்டத்தை உணரும் மின்சாரப் பலகை, பழைய வீட்டுக்கு அதுவரை ஓர் உருண்டை என்றார்கள். மெயின் சுவிட்சுக்கு மேலே சின்னத் தட்டு, தட்டில் மாண்டரின் ஆரஞ்சு அளவில் ஓர் உருண்டை, உருண்டையிலிருந்து சுவிட்சுக்கு ஒரு கயிறு. வீடு ஆடினால் உருண்டை உருளும், கயிறு இழுக்கும், சுவிட்ச் இறங்கும், கரண்ட் போகும். இருபத்திரண்டு வீட்டிலும் ஏணி வைத்து நானே மாட்டினேன். சந்தின் பேரிடர்த் தடுப்புப் பொறுப்பாளர் நான் அல்லவா!

அன்றைக்குப் பிடித்தது, அத்தான், சனி. காலை ஆறரைக்கு என் மனைவி மசுயோ வானொலி உடற்பயிற்சியில் குதிப்பாள், உருண்டை விழும். பால் வண்டி திரும்பும், விழும். நான் தும்முவேன், விழும். ரைஸ் குக்கர் பாதியில் நிற்கும், சோறு களியாகும், மசுயோ என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு எந்த விதியிலும் பாதுகாப்பு இல்லை. "என்னங்க, பூகம்பம் வந்து சாகறதுக்கு முன்னாடி பட்டினியிலேயே போயிருவோம் போலருக்கே" என்றாள். சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டேன்.

இந்த நேரம் பார்த்து நம் நாட்சுகோ, தான் கட்டிக்கொள்ளப் போகிறவனைக் கூட்டி வருகிறேன் என்றாள். குரோதா கென்பெய். முன்னாள் சுமோ வீரன். முழங்கால் போனதால் சுமோக் குடுமியை வெட்டி ஓய்வு பெற்று, இப்போது சுமோக்காரர்கள் சாப்பிடும் சான்கோ குழம்புச் சட்டி கொதிக்கும் கடை வைத்திருக்கிறான். எடை நூற்று நாற்பத்திரண்டு கிலோ. நம் வீட்டுக்கு வயது எழுபது. ஒரே பெண்ணைக் கேட்டு எவன் வந்தாலும் எனக்கு வயிறு எரியும் என்பது உங்களுக்குத் தெரியும், இவன் வந்தால் தரையும் சேர்ந்து அலறுகிறது. வாசலில் நின்று குனிந்து, "உள்ள வரலாங்களா மாமா?" என்றான். "யாருக்கு யாருப்பா மாமா?" என்றேன். பயந்துபோய்க் காலைத் தூக்கி வைத்தான். அவ்வளவுதான், உருண்டை விழுந்து கரண்ட் போயிற்று.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடினேனா? உருண்டையைக் காட்டி, "இந்தா பாரு, இந்த வீட்டுக்கே உன்னைப் பிடிக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை வா. உருண்டை விழாம உள்ள வந்து, உக்காந்து, சாப்பிட்டு எழுந்துட்டா பொண்ணு உனக்கு. விழுந்துச்சோ, கிடையாது" என்று சொல்லிவிட்டேன். ஏதோ வேகத்தில் வந்த பேச்சு அத்தான். ஆனால் கதவு திறந்திருந்தது, சந்தே கேட்டுவிட்டது. மறுநாள் மீன்கடைக்காரர், "பொறுப்பாளரே, ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வந்தான். அந்த வாரம் முழுவதும் பழைய பயிற்சியைத் தூசி தட்டி எடுத்திருக்கிறான். சுமோக்காரர்கள் பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமலே சறுக்கிச் சறுக்கி நகர்வார்களே, அந்த நடை. முழங்காலை மடக்கி, கைகளை முன்னே நீட்டி, வாசலிலிருந்து தத்தாமிப் பாய் பரப்பிய அறைவரை மூச்சுவிடாமல் சறுக்கி வந்தான். உருண்டை அசையவில்லை. உட்கார்ந்தான். அசையவில்லை. குனிந்து வணங்கும்போது மேசையில் 'டொம்'மென்று தலையை இடித்துக்கொண்டான். அதற்கும் அசையவில்லை! வெளியே மீன்கடைக்காரர் கை தட்டினார். நாட்சுகோ அழுதாள். உங்களிடம் மறைப்பானேன், அவன் கொண்டுவந்த கோழி உருண்டைக் குழம்பை ஒரு வாய் வைத்தபோதே, இவன் போனால் இந்தக் குழம்பும் போகுமே என்ற கவலை வந்துவிட்டது. போதாததற்கு நான் மூன்றாவது கிண்ணம் கேட்டபோது, என் முகத்தைப் பார்க்காமலே சட்டியில் கறி அதிகமாக இருக்கும் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தான். அப்படி ஒரு பையன்.

மசுயோ நல்ல சேதிக்கென்று சிவப்புப் பயறுச் சோற்றைக் குக்கரில் ஏற்றியிருந்தாள். மைக்ரோவேவில் விலாங்கு மீன் சுற்றிக்கொண்டிருந்தது. தேநீருக்குக் கெட்டில் கொதித்தது. பாவம், பையனுக்கு வியர்த்துக் கொட்டியது. "ஏம்ப்பா இப்படி வேக்குது உனக்கு?" என்று நானே எழுந்து ஏ.சி.யைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவன் சிரித்தான். படாரென்று ஒரு சத்தம், கரண்ட் போய்விட்டது.

குக்கர் 'பீ' என்று அழுது அடங்கியது. "இருங்க, நான் போய்ப் பாக்கறேன்" என்று மசுயோ எழுந்து ஓடினாள். நான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கென்பெய் மெதுவாக எழுந்து, "வாக்கு வாக்குதாங்க ஐயா" என்றான். மாமா ஐயா ஆகிவிட்டேன். வெந்தும் வேகாத சிவப்புச் சோற்றை மசுயோ அரக்குப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வந்தபடியே சறுக்கிக்கொண்டு வெளியேறினான். அதைப் பார்த்த நாட்சுகோ நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம் சொல்லி என்னிடமிருந்து வாங்குகிறாள்.

ஆகவே அத்தான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். உருண்டையை நம்பி ஒரு குடும்பம் எந்த முடிவும் எடுக்கக் கூடாது, இப்படிப்பட்ட உருண்டை இந்தக் கடிதம் கண்ட நாள் முதல் செல்லாது என்று குழுவின் சிவப்பு முத்திரையோடு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அதைச் சந்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, "மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?" என்று பையனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வேன். முடியாது என்றால் அந்த விதியையே ரத்து செய்யுங்கள். ஆடினாலும் ஆடாவிட்டாலும் கரண்ட் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு என் பெண் பேச வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். ஈரக் காற்றில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த பசியும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மைத்துனன்
தொமோஜி

பி.கு.: மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப் போகும்போது, காலை பத்தேகாலுக்கு, நிஜமாகவே பூமி ஆடியது. அலமாரி சாய்ந்தது, இஸ்திரிப் பெட்டி குப்புற விழுந்தது, எதன்மேல் என்றால் நான் அச்சடித்து வைத்திருந்த தீத்தடுப்புத் துண்டறிக்கைக் கட்டின்மேல். புகை வர ஆரம்பித்தது. நான் விதிப்படி மேசைக்கடியில் புகுந்து, "பயப்படாத மசுயோ, இதோ உருண்டை விழும், இதோ விழும்" என்று கத்திக்கொண்டிருந்தேன். தும்மலுக்கெல்லாம் விழுந்த உருண்டை தியானத்தில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

கென்பெய் அப்போது வாசலில் நின்றிருக்கிறான். வேகாத சிவப்புச் சோற்றைத் தன் கடைச் சட்டியில் வேகவைத்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், உள்ளே வர உரிமையில்லை என்று கதவைக்கூடத் தட்டாமல் நின்றானாம். புகையைப் பார்த்ததும் செருப்புக் காலோடு, ஆமாம் அத்தான், செருப்புக் காலோடு, தத்தாமியை மிதித்து உள்ளே வந்தான். ஏணி இல்லாமல் எட்டி சுவிட்சை இறக்கினான். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி எறிந்தான். மேசையை என் தலைக்கு மேலிருந்து எடுத்து, "மாமா, வெளிய வாங்க" என்றான். நானும், "இதோ வந்துட்டேன் மாப்பிள்ளை" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. மீன்கடைக்காரர் சாட்சி.

பிறகுதான் பார்த்தோம். உருண்டையைச் சுற்றி ஒட்டு நாடா, நான்கு சுற்று! மசுயோ தலை குனிந்துகொண்டாள். "பையன் ரெண்டாந்தரம் வர்றதுக்கு முந்தின நாளே ஒட்டிட்டேன்ங்க. பொறுப்பாளர் வீட்லயே இப்படின்னு தெரிஞ்சா உங்க மானம் போயிருமேன்னு சொல்லல." அப்படியானால் ஞாயிறன்று விழுந்தது என்ன? "ஒண்ணும் விழல. குக்கர், மைக்ரோவேவ், கெட்டில் மூணும் ஓடும்போது நீங்க ஏ.சி.யப் போட்டீங்க. முப்பது ஆம்பியர் வீடு தாங்குமா? டிரிப் ஆயிருச்சு. அப்பவே சொல்ல வந்தேன், உங்க மூஞ்சியப் பாத்ததும் நாக்கு எழும்பல." வீடு ஒத்துக்கொண்ட பையனை நான்தான் ஏ.சி. போட்டுத் துரத்தியிருக்கிறேன்.

ஆகவே விதியை ரத்து செய்யாதீர்கள், இன்னும் கடுமையாக்குங்கள். எங்கள் வீட்டுக்கு ஆட்டத்தை உணரும் பலகையே மாட்டிக்கொள்கிறோம். கல்யாணம் அக்டோபரில், அக்காவோடு வந்துவிடுங்கள். பலகை மாட்ட இன்று மாலையே வந்த எலெக்ட்ரீஷியன், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்று சொல்ல வாயெடுத்தேன். நாட்சுகோ நான்கு நாளுக்குப் பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்து, "அப்பா, நாலுன்னு சொல்லுங்க" என்றாள். நாலு என்றேன். மசுயோ அடுப்படியிலிருந்து, "அறுபது ஆம்பியரா போட்டுருங்க" என்றாள்.