மனசுக்கு ஒரு மூடி

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் அன்போடு எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கண்ணனுக்கே பொய் எழுதுறீங்களா" என்றாள். ஆகவே அவள் சௌக்கியம், தக்காளித் தோட்டம் சௌக்கியம், நான் அவள் காவலில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். போன திங்கட்கிழமை பம்பை முதுகில் மாட்டி பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். மருந்து பீய்ச்சுகிற நாசிலில் தூசி அடைத்துக்கொண்டது. கழற்றி வாயில் வைத்து ஊதினேன், இருபது வருஷமாக ஊதுவது போலத்தான். ஊதி முடித்துக் குனிந்தேன், தலை சுற்றியது, பம்பு மூடி திறந்துகொண்டு மீதி மருந்து முழுக்கக் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. தக்காளிக்கு நட்ட குச்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துத் தோட்டக்காரர் வந்து பார்த்தார். நான் குடித்திருக்கிறேன் என்று முடிவு செய்து, பெண்டாட்டி பிள்ளையை நினைத்துப் பார்க்க வேண்டாமா என்று அரை மணி நேரம் புத்தி சொன்னார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. கடைசியில் வாந்தி எடுத்தேன். அதன் வாசனை சாராய வாசனை இல்லை என்று தெரிந்த பிறகுதான் வண்டியில் ஏற்றினார்.

டாக்டரம்மா சின்ன வயசு, நல்ல மாதிரி. என்ன மருந்து என்று கேட்டார்கள். சட்டைப்பையில் இருந்த சிவப்பு மூடியை எடுத்து, மோந்து பாருங்கள் என்று நீட்டினேன். சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டார்கள். பம்புக்கு எவ்வளவு ஊற்றுவீர்கள் என்றார்கள். டப்பாவில் எழுதியிருக்கிறபடி இரண்டு மூடி, மனசுக்கு ஒரு மூடி என்றேன். யார் சொன்ன கணக்கு என்றார்கள். உங்கள் பேரைச் சொல்லவில்லை மச்சான், கடைக்காரர் என்று மட்டும் சொன்னேன். குடும்ப மானம் இருக்கிறதல்லவா! ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, மூன்று மாசம் மருந்து வாசனைகூட ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் உங்கள் தங்கை வைத்ததுதான் சட்டம். மருந்து அடிக்கிற சட்டையைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். பம்பைப் பூட்டிவிட்டு, நாசிலைக் கழற்றித் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள். என் கை நடுங்குகிறதாம், டீயைப் பாதி கிளாஸ்தான் தருகிறாள். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாள். விரலெல்லாம் வெங்காயம், தும்மிக்கொண்டே எழுந்திருக்கிறேன். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? ரெண்டு நாள் கண்ணு மங்கலா இருந்துச்சு, டீயில உப்பைப் போட்டுக் குடிச்சேன், அதுக்காக ஒரு மனுஷனை இப்படியா ஆட்டிவைப்பாங்க?

இதற்கிடையில் தோட்டத்தில் புழு இறங்கிவிட்டது. யார் அடிப்பார்கள் என்று கேட்டால், "அதை நான் பாத்துக்கறேன், நீங்க படுங்க" என்கிறாள். நான் இந்தக் கடிதத்தைத் தொடங்கியதுமே யாரோ ஆளைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிப் போனாள், இன்னும் காணோம். நீங்கள் ஒருவர் சொன்னால்தான் கேட்பாள். அண்ணன் என்ற முறையில், பம்பைத் திருப்பிக் கொடு என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். இந்த வீட்டுக்கு நீங்கள் ஒரு தடவைகூட வெறுங்கையோடு வந்ததில்லை, சிவப்பு மூடி டப்பா ஒன்றாவது கையில் இருக்கும். அடுத்த தடவை இரண்டாகக் கொண்டுவாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாதி கிளாஸ் டீயில் உயிர் வாழும்
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கவரை ஒட்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆளும் இல்லை, கீளும் இல்லை. அவளே பம்பை மாட்டிக்கொண்டு தக்காளி வரிசையில் நிற்கிறாள். நாசில் அடைத்திருக்கிறது. கழற்றி வாயில் வைத்து ஊதுகிறாள். செருப்புகூடப் போடாமல் ஓடினேன் மச்சான். "வாயில வைக்காதடி" என்று கத்தினேன். "நீங்க ஊதுறதுதானே, இருபது வருஷமா பாத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்கிறாள். நாசிலைப் பிடுங்கிக்கொண்டேன். எத்தனை மூடி ஊற்றினாய் என்று கேட்டேன். மூணு என்றாள்.

வாய் கொப்பளிக்க வைத்து, தலையோடு தண்ணீர் ஊற்றி, துணி மாற்றிப் படுக்க வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் டாக்டரிடம் கூட்டிப்போக வண்டி எடுத்து வரப் போயிருக்கிறார். தனக்கு ஒன்றும் இல்லை என்கிறாள். நானும் அப்படித்தான் சொன்னேன். கண்ணை மூடியிருந்தாள், பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். "இருக்கேன், விரலை எடுங்க" என்றாள்.

உங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் அந்த மூன்றாவது மூடியை இனிச் சொல்லாதீர்கள். கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு வாருங்கள். தங்கைக்கு அண்ணனைப் பார்த்தால் தெம்பு வரும். வெறுங்கையோடு வாருங்கள்.