விட்ஸே வீட்டு மீனுக்கு வெள்ளைப் புள்ளி

விட்ஸே தொட்டிக் கண்ணாடியில் மூக்கு நசுங்க நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

"ஹிஸ்கே, இங்கே வா. இந்த நியான் மீனோட வாலைப் பாரு. உப்புத் தூவின மாதிரி இல்லே?"

அவர் மனைவி ஹிஸ்கே வந்து பார்த்தாள். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. கண்ணாடியில அழுக்கா இருக்கும்."

"அழுக்கு நீந்துமா?"

வெள்ளைப் புள்ளி நோய்தான். மீனின் தோலுக்குள் புகுந்து குடித்தனம் நடத்தும் ஒட்டுண்ணி. அரிப்புத் தாங்காமல் மீன்கள் தொட்டிக்குள் அழகுக்கு வைத்த வேர்க்கட்டையில் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன. வருகிற சனிக்கிழமை நடுவர் வேறு வருகிறார். டொக்கும் ஊர் மீன் வளர்ப்போர் சங்கத்தில் யாரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டிக்குப் போவதில்லை. நடுவர்தான் வீடு வீடாக வந்து, சோபாவில் உட்கார்ந்து, காபி குடித்து மார்க் போடுவார்.

மற்றவர்கள் தொட்டியில் செடி அழகு, கல் அழகு என்பார்கள். விட்ஸே தொட்டியில் மீன் சாகாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய அதே கூட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது; புதிதாக ஒரு குஞ்சுகூட அந்தத் தண்ணீரில் இறங்கியதில்லை. சங்கத்தில் அவருக்குச் 'சாவில்லா விட்ஸே' என்றே பெயர். கால்வாய்ப் பாலத்தைத் திறந்து மூடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மனிதர் தலைநிமிர்ந்து நடப்பதற்கு இருந்த ஒரே காரணம் அந்தப் பெயர்தான்.

"புது மீன் வந்தாத்தானே இந்தப் பூச்சி வரும்? என் கையைத் தவிர வேற எதுவும் இதுக்குள்ள இறங்கினதில்லை. அப்போ யாரோ கொண்டுவந்து விட்டிருக்கான்."

"யாரு விடுவாங்க?"

"கெர்பென்!"

கெர்பென் சங்கத்தின் செயலாளர். வருஷம் தவறாமல் இரண்டாம் பரிசு. போன மாதம் ஹிஸ்கேயின் பிறந்தநாளுக்கு எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது, தொட்டிக்கு ஒட்டின நாற்காலியைப் பிடித்துக்கொண்டவர். போதாததற்கு இரண்டாவது துண்டு கேக்கும் எடுத்துக்கொண்டவர்.

"ஆளுக்கு ஒரு துண்டுன்னு தெரிஞ்சும் ரெண்டு தின்னவன் எதையும் செய்வான்," என்றார் விட்ஸே.

"பாவம், அவர்மேல ஏன் பழி போடறே?"

"அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்கறே?"

ஹிஸ்கே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விட்ஸேக்கு அதுவும் பிடிக்கவில்லை. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்தக் கதவு சாத்தி அவர் பார்த்ததில்லை.

முதலில் தண்ணீரின் சூட்டை ஏற்றினார். சூட்டில் பூச்சி சீக்கிரம் மீனை விட்டு இறங்கும், இறங்கியதும் தீர்த்துக்கட்டிவிடலாம் என்பது கணக்கு. பூச்சி இறங்குவதற்குள் மீன்கள் மூச்சு முட்டி மேலே வந்து வாயைப் பிளந்தன. செடிகள் வெந்த கீரையாகத் துவண்டன.

அடுத்து உப்பு போட்டார். அரைகுறையாக நின்ற செடிகளும் படுத்துவிட்டன.

"சூடு ஏத்தியாச்சு, கீரை வெந்தாச்சு, உப்பும் போட்டாச்சு. பட்டாணிதான் பாக்கி," என்றாள் ஹிஸ்கே.

"சிரிக்காதே. இது கொலை முயற்சி."

மூன்றாவது, மருந்து. கடைவீதியில் ஒரு மீன்கடை இருக்கிறது. ஆனால் அந்தக் கடைத் தண்ணீரில் உலகத்து வியாதியெல்லாம் நீந்துகிறது என்று அவர் வருஷக்கணக்காக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. பஸ் பிடித்து லேவார்டன் போய் வாங்கிவந்தார். பாட்டிலைத் திறக்கும்போது பதற்றத்தில் முக்கால்வாசி ஒரேயடியாகக் கொட்டிவிட்டது. தொட்டி நீலமானது. அவர் கை முழங்கை வரை நீலமானது. துடைத்த துண்டு, சாய்ந்த சோபா, சொறிந்த மூக்கு எல்லாம் நீலம்.

தொட்டி இருப்பதோ தெரு ஜன்னலுக்கு நேரே. கெர்பென் காலையும் மாலையும் சைக்கிளில் அந்த வழியாகத்தான் போவார். விட்ஸே ஓடிப்போய்த் திரையை இழுத்து மூடினார்.

"பட்டப்பகல்ல திரையை மூடறியே, தெரு என்ன நினைக்கும்?" என்று பதறினாள் ஹிஸ்கே.

தெரு என்ன நினைக்குமோ அதையே நினைத்தது. அந்தத் தெருவில் பகலில் திரை மூடினால் வீட்டில் பிணம் கிடக்கிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரத்துக்குள் எதிர்வீட்டு அம்மாள் சூப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். விட்ஸே கதவைக் கால்வாசி திறந்து, நீல மூக்கை மட்டும் வெளியே நீட்டினார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா, விட்ஸே?" என்றாள் அவள் தழுதழுத்த குரலில்.

விஷயம் வெளியே கசிந்துவிட்டது என்று விட்ஸே நினைத்துவிட்டார். "உடம்பெல்லாம் அரிப்பு. மூச்சு விடவே முடியலை. உப்புகூடப் போட்டுப் பார்த்தேன்."

"உப்பா!"

"சூடும் வெச்சேன்."

அந்த அம்மாள் சிலுவைக்குறி போடலாமா ஓடலாமா என்று தவித்தபோது, மாடிப்படியில் ஹிஸ்கே இறங்கிவந்து "யாரு?" என்றாள். சூப் வாசலில் கொட்டியது. அன்றிலிருந்து தெரு அந்த வீட்டைக் கண்கொட்டாமல் பார்த்தது. மறைக்கப் போய் ஊருக்கே படம் காட்டினது போலாயிற்று.

இதற்கிடையில் ஹிஸ்கேயின் போக்கு நாளுக்கு நாள் மோசமானது. கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். "எங்கே?" என்றால் "சும்மா" என்பாள். ஒருநாள் விட்ஸே சைக்கிளில் பின்தொடர்ந்தார். கடைவீதி முனையில் திரும்பிப் பார்த்தவள், சட்டென்று தேவாலயத்துக்குள் நுழைந்துவிட்டாள். உள்ளே பாட்டுக்குழு ஒத்திகை. சுருதி என்றால் என்னவென்றே தெரியாத ஹிஸ்கே இரண்டு மணி நேரம் நின்று பாடினாள். விட்ஸே மழையில் வெளியே நின்று கேட்டார். யாருக்குத் தண்டனை அதிகம் என்று சொல்வது கஷ்டம்.

அன்று மாலை சமையலறைக் கதவில் காதை வைத்தார். அவள் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரம் என்னால வர முடியாது. எங்கே போனாலும் பின்னாலேயே வர்றார். இல்லை, சந்தேகம் வந்தாச்சு. தெரிஞ்சா உயிரையே விட்டுடுவார்."

விட்ஸே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மீனும் போச்சு, மனைவியும் போனாளா? அதுவும் இரண்டாம் பரிசுக்காரனோடு! அன்றைக்கு ராச்சாப்பாட்டில் உருளைக்கிழங்கைத் தொடவில்லை. அவளும் தொடவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நீலத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சனிக்கிழமை நடுவர் வான் ஸ்ட்ராலென் வந்தார். கூடவே கெர்பென். ஹிஸ்கே திரையை விலக்கினாள். நீலத் தண்ணீர், அழுகிய இலைகள், மூலையில் ஒடுங்கிய ஏழெட்டு மீன்கள். தெருவே ஜன்னலுக்கு வெளியே மெதுவாக நடந்தது.

"எல்லாம் இவன் வேலை!" விட்ஸே நீல விரலை நீட்டினார். "பூச்சியைக் கொண்டுவந்து விட்டதும் இவன்தான், என் பெண்டாட்டிகிட்ட ரகசியமா போன்ல பேசறதும் இவன்தான்!"

"யோவ், உனக்குப் பைத்தியமா?" கெர்பென் எழுந்தே விட்டார். "ரெண்டு துண்டு கேக் தின்னேன், அதை ஒத்துக்கறேன். ஒரு மாசமா எனக்கே மனசு உறுத்துது. ஆனா உன் தண்ணியில நான் விரல்கூட வைக்கலை. உன் வீட்டு நம்பருக்குப் போன் போட்டே வருஷக்கணக்காச்சு."

"கெர்பென்மேல தப்பில்லை, விட்ஸே," என்றாள் ஹிஸ்கே. "நான் சொல்றேன், கேளு..."

"ஒரு நிமிஷம்," என்று நடுவர் கையைத் தூக்கினார். "நோய் யார் தொட்டிக்கும் வரும், ஐயா. என் தொட்டிக்கே வந்திருக்கு. உங்க செடிக்கு இன்னைக்குப் பூஜ்யம்தான் போட முடியும். ஆனா பதினோரு வருஷம் உயிரோட இருக்கிற நியான் மீனை என் ஆயுசுல நான் பார்த்ததில்லை. நாலஞ்சு வருஷம் இருந்தாலே பெரிசு. இந்த வருஷம் சிறந்த பராமரிப்புக்கான மாகாணக் கோப்பை உங்களுக்குத்தான். எப்படி வளர்த்தீங்கன்னு எங்க பத்திரிகைக்கு ஒரு கட்டுரையும் நீங்க எழுதணும்."

விட்ஸேக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. நீலக் கையால் துடைத்துக்கொண்டதில் கண்ணும் நீலமாயிற்று. எழுந்து போய்க் கெர்பெனைக் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுடுப்பா. நான் மனுஷனே இல்லை. ஹிஸ்கே, இவனுக்குக் கேக் கொடு. ரெண்டு துண்டு!"

"பூச்சி எப்படித்தான் வந்துதோ போ," என்று கெர்பென் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "உன்கிட்ட ஏதோ கைராசி இருக்கு. நானும் பார்க்கறேன், என் மீன் மாசத்துக்கு ரெண்டு மிதக்குது."

"கைராசி இல்லைடா, பொறுப்பு," என்றார் விட்ஸே. "ஒவ்வொண்ணையும் முகம் பார்த்தே சொல்லுவேன். எல்லாம் என் குழந்தைங்க."

ஹிஸ்கே மட்டும் சிரிக்கவில்லை. காபிக் கெண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விட்ஸேயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள்.

வாசல் மணி அடித்தது. ஹிஸ்கே கெண்டியை வைத்துவிட்டு ஓடுவதற்குள், பக்கத்திலிருந்த கெர்பென் கதவைத் திறந்துவிட்டார். மழைக்கோட்டுப் போட்ட ஒரு குண்டு மனிதர் உள்ளே வந்தார். கடைவீதி மீன்கடைக்காரர். கோட்டுக்குள் கையை விட்டு, தண்ணீர் நிரப்பிக் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து, வாய் நிறையச் சிரிப்போடு ஹிஸ்கேயிடம் நீட்டினார்.

"வர முடியாதுன்னீங்களே மேடம், அதான் நானே கொண்டுவந்துட்டேன், மாசாமாசம் வாங்குற அதே பத்துதான், இல்லே இந்தத் தடவை அதுக்கு மேலயும் செத்துப்போச்சா?"