நீர்நாடி பார்த்த நகராட்சி

நாடி சார் வருகிறார் என்றால் தெருவே இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்கும். முன்னால் வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் காற்சட்டையுமாக அவர். கையில் ட வடிவில் வளைத்த இரண்டு செப்புக் கம்பிகள். அவர் தலைக்கு மேல் குடை பிடித்தபடி ஒரு தொந்தி மனிதர். பின்னால் லேப்டாப்பைத் திறந்த வாக்கிலேயே ஏந்தி வரும் நகராட்சி எழுத்தர். அதன் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஏறும், இறங்கும். அது எதைக் காட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை. பச்சையாக இருக்கிறது, ஏறி இறங்குகிறது, வேறென்ன வேண்டும்?

நாடி சார் நடப்பார். திடீரென்று நிற்பார். கண்ணை மூடுவார். கம்பிகள் மெல்ல நடுங்கி, ஒன்றை ஒன்று தேடி, குறுக்கே சேர்ந்துகொள்ளும்.

"இந்த இடத்துல பூமிக்கு வலிக்குது" என்பார்.

உடனே தேநீர்க் கடைக்காரர் ஓடி வருவார். ஆமாம் சார், போன மாதம் இங்கேதான் குழாய் வெடித்தது என்பார். கூட்டம் வாயைப் பிளக்கும். வெளியூர்க்காரர், நேற்று வந்தவர், எப்படித் தெரிந்தது இவருக்கு?

விஷயம் இதுதான். ஊரின் குடிநீர்த் திட்டம் அரதப் பழசு. எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையெல்லாம் புதிதாக எழுதிக் கொடுக்காவிட்டால் மேலிடம் நிதி தராது. அதற்கு ஒரு ஆலோசகர் தேவை என்று நகராட்சி விளம்பரம் செய்தது. வந்தவர்கள் இரண்டு தரப்பு. முதலில் ஒரு பொறியாளர் குழு. தெருத்தெருவாக அளவுக் கருவி மாட்டுவோம், மாதக்கணக்கில் ஆகும் என்றது. கேட்கும்போதே நகர்மன்ற உறுப்பினர்களுக்குக் கொட்டாவி வந்தது. அடுத்து நாடி சார். எழுந்தார். "மனுஷனுக்கு நாடி இருக்கிற மாதிரி ஊருக்கும் நீர்நாடி இருக்கு. நான் அதைத் தொட்டுப் பார்ப்பேன்" என்றார். அவ்வளவுதான். மன்றம் ஒருமனதாகக் கை தூக்கியது. தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினரின் கையைப் பக்கத்து இருக்கைக்காரர் தூக்கிவிட்டார்.

எல்லாரையும்விட உயரமாகக் கை தூக்கியவர் நகராட்சித் தலைவர். அவருடைய அக்கா மேலத்தெருவில் சலவைக்கடை வைத்திருக்கிறார். ஊரில் அவருக்குப் பேர் சலவைக்காரம்மா. கணவர் போன பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். வாய் கொஞ்சம் நீளம். பொய் சொல்லவும் கூசமாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்தக் கதைக்கு அது தேவைப்படுகிறது.

நாடி சாரின் வெள்ளை உடைகள் சலவைக்குப் போவது அந்தக் கடைக்குத்தான். மண்ணில் நடக்கும் மனிதருக்கு வெள்ளைக் கோட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். அழுக்குக் கோட்டுப் போட்டவன் பேச்சை நீங்கள் நம்புவீர்களா? துணியைக் கொண்டு வருபவர் குடைக்காரர். வந்தால் உடனே போகமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். வெயிலைப் பற்றிப் பேசுவார், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். அப்படியே பேச்சோடு பேச்சாக, இந்தப் பக்கம் எங்கே குழாய் ஒழுகும், எங்கே தண்ணீர் நாறும் என்று கேட்பார்.

சலவைக்காரம்மா ஒருநாள் தையல்கடை வாசலைச் சொன்னார். அங்கே எப்போது பார்த்தாலும் ஈரம், அடியில் குழாய் உடைந்திருக்கும் என்றார். இரண்டொரு நாளில் நாடி சார் அதே வாசலில் நின்றார். கம்பிகள் துடித்தன. "உள்ளே ரத்தம் ஒழுகுற மாதிரி ஒழுகுது" என்றார். கடப்பாரை வந்தது. தோண்டினார்கள். குழாய் கல்லுக்குண்டாக இருந்தது. அதைச் சுற்றிச் சொட்டு ஈரம் இல்லை. அப்போது பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே வெளியே வந்தார். தினமும் காலையில் தன் வாளித் தண்ணீரைத் தையல்கடை வாசலில்தான் கொட்டுவதாகச் சொல்லி, தையல்காரரிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். தையல்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

வேறு ஒருவராக இருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார். நாடி சார் கம்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பார்த்தீங்களா, கம்பி தொட்டதும் கசிவு தானா அடைஞ்சுபோச்சு."

கைத்தட்டலில் தையல்கடைக் கண்ணாடி அதிர்ந்தது. நோய் இருந்தால் கண்டுபிடித்தார், இல்லாவிட்டால் குணப்படுத்தினார். இப்படி ஒரு வைத்தியருக்குத் தோல்வி எங்கிருந்து வரும்?

கூட்டத்தில் கை தட்டாமல் நின்றவர் ஒருவர்தான். சலவைக்காரம்மாவின் நெற்றி சுருங்கிவிட்டது. தையல்கடை அடியில் குழாய் உடைந்திருக்கிறது என்று நினைத்தது அவர். நினைத்தது தப்பு. அது போகட்டும். அவர் போட்ட தப்புக் கணக்கு பூமிக்கு எப்படித் தெரியும்? கம்பி பூமியைக் கேட்டிருந்தால் பூமி சரியாக அல்லவா சொல்லியிருக்கும்?

இதை அவர் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருப்பார். ஆனால் அந்த வாரமே இடி விழுந்தது. மேலத்தெருவில் நீர்நாடி செத்துவிட்டது என்று நாடி சார் அறிவித்தார். செத்த நாடியில் தண்ணீர் விடுவது வீண் என்றார். அந்தக் குழாயை மூடி, ஊருக்குக் கீழ்ப்புறம் திருப்பிவிட வேண்டும் என்று திட்டத்தில் எழுதப் போகிறாராம். கீழ்ப்புறத்தில் இருப்பது விற்காமல் கிடக்கும் வீட்டுமனைகள். மனைகளின் சொந்தக்காரர் பங்களாவில்தான் நாடி சார் தங்கியிருந்தார். நாடி எங்கே உயிரோடு துடிக்கிறது பாருங்கள்.

மேலத்தெருவுக்குக் குழாய் இல்லை என்றால் லாரித் தண்ணீர்தான். லாரித் தண்ணீரில் குடிக்கலாம், சமைக்கலாம். ஊர்த் துணியைத் துவைக்க முடியாது. கடை அவ்வளவுதான். அன்று சாயங்காலமே சலவைக்காரம்மா தம்பி வீட்டுப் படியேறினார். அந்தக் குடைக்காரன் ஊர் வாயைப் பிடுங்குகிறான், கம்பி அதைத்தான் கக்குகிறது என்று விளக்கமாகச் சொன்னார். தலைவர் செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அது விஞ்ஞானம், லேப்டாப்பில் எல்லாம் பதிவாகிறது, படித்தவர்கள் விஷயத்தில் தலையிடாதே என்றார்.

"அக்கா, உனக்கு இஸ்திரி தெரியும். எனக்கு நிர்வாகம் தெரியும். விடு."

"நான் இஸ்திரி போட்டா துணியாவது நேராகுதுடா. நீ நிர்வாகம் பண்ணி இந்த ஊர்ல எது நேராச்சு?"

தலைவரின் மனைவி சமையலறையில் சிரித்தது ஹால் வரை கேட்டது. ஆனால் சிரிப்பால் குழாயை மூடுவது நிற்காது. அடுத்த வாரம் மன்றக் கூட்டம். அதில் திட்டம் நிறைவேறினால் மறுநாளே மேலத்தெரு வால்வை மூடிவிடுவார்கள்.

மறுநாள் குடைக்காரர் கோட்டு வாங்க வந்தார். சலவைக்காரம்மா வழக்கத்துக்கு மாறாக டீ வரவழைத்தார். கடை வாசலை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்கப்பா சாகறப்ப சொன்னது. நகராட்சி மன்றம் இருக்கே, அங்க தலைவர் நாற்காலிக்கு நேர் கீழே கல்தொட்டி ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துல கட்டினது. ஆளுயரம் இறங்கினாப் போதும், தண்ணி ததும்பி நிக்குமாம். இப்ப இருக்கிறவங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாது."

குடைக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். கோட்டு வாங்கவே மறந்துவிட்டார்.

கூட்ட நாள் வந்தது. மன்றத்தில் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பிகளில் முகங்கள் முளைத்திருந்தன. மனைக்காரர் முன்வரிசையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். திட்டத்தை வாசிப்பதற்கு முன்னால், இந்த மன்றத்தின் நாடியையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றார் நாடி சார். கம்பிகளை ஏந்தி நடந்தார். உறுப்பினர்களைக் கடந்தார். மேடை ஏறினார். தலைவர் நாற்காலி முன்னால் வந்ததும் அவருடைய முழங்கை, தோள், தாடை எல்லாம் ஆடின. கம்பிகள் பட்டென்று குறுக்கே சேர்ந்தன.

"ஐயோ" என்றார் நாடி சார், கண்ணில் நீர் மல்க. "பொக்கிஷத்து மேல உட்கார்ந்திருக்கீங்களே தலைவரே. கல்தொட்டி. பழங்காலத்துத் தொட்டி. ஆளுயரத்துல தண்ணி ததும்பிக்கிட்டு நிக்குது."

இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த நாற்காலிக்கு நேர் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. உடைந்த நாற்காலிகளையும் பழைய திரைச்சீலைகளையும் போட்டு வைக்கும் அறை. அது தலைவருக்குத் தெரியும். போன வாரம் அங்கே இரண்டு மேசைகளை இறக்கிய எழுத்தருக்குத் தெரியும். காவலாளிக்குத் தெரியும், சாவி அவர் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் என்ன செய்தார்கள்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மற்றவர் தட்டுகிறாரே என்று கை தட்டினார்கள்.

பார்வையாளர் வரிசையிலிருந்து சலவைக்காரம்மா எழுந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம்.

"சார், தண்ணி நிஜமாவே இருக்குங்களா?"

"இறங்கினா முழங்கால் நனையும்மா."

"சந்தேகமே இல்லையே?"

"கம்பி பொய் சொல்லாது. ஆனா தோண்டறதுக்கு நாளாகும்."

"தோண்ட வேணாம் சார். படிக்கட்டு இருக்கு."

நாடி சார் குடைக்காரரைப் பார்த்தார். குடைக்காரர் கூரையைப் பார்த்தார். சலவைக்காரம்மா தம்பியைப் பார்த்தார்.

"டேய், உன் நாற்காலிக்குக் கீழ என்ன இருக்குன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

தலைவர் கைக்குட்டையைத் தேடினார். காவலாளி, யாரும் கேட்காமலே, இடுப்பிலிருந்து சாவியை உருவினார்.

இறங்கினார்கள். நாடி சார் முன்னால். பின்னால் தலைவர், உறுப்பினர்கள், படிக்கட்டு கொள்ளும் மட்டும் ஜனம். விளக்கைப் போட்டதும் எதிரே மூன்று கால் நாற்காலிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. மேலே தூசி, தூசிக்கு மேலே சிலந்தி வலை. நாடி சார் தும்மினார். வலையில் இருந்த சிலந்தி கூட நனையவில்லை.

பழக்கம் லேசில் விடுமா? அவர் கோட்டை நீவிவிட்டுக்கொண்டார். தண்ணீர் இங்கேதான் இருக்கிறது, சூட்சும நிலையில் இருக்கிறது, பயிற்சி இல்லாத கண்ணுக்குத் தெரியாது என்று ஆரம்பித்தார். ஒரு உறுப்பினர் தலையை ஆட்டக்கூடத் தொடங்கிவிட்டார்.

சலவைக்காரம்மா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே குடைக்காரர் மறந்துவிட்டுப் போன வெள்ளைக் கோட்டு. வேண்டுமென்றே துவைக்காமல் வைத்திருந்த கோட்டு. கழுத்துப் பட்டையில் அழுக்கு கருவளையம் போட்டிருந்தது.

"சரிங்க சார், எங்க கண்ணுக்குத்தான் தெரியல. அந்தத் தண்ணியில இதை ஒரு தடவை அலசிக் குடுங்க. ஈரமா இருந்தா நான் கடையை மூடிட்டுப் போயிடறேன்."

நாடி சாரின் கை கோட்டை வாங்கியது. வாங்கிவிட்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது.

"தொட்டி இருக்குன்னு சொன்னது நான்தான்" என்று சலவைக்காரம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சும்மா அடிச்சுவிட்டேன். எங்கப்பா சாகறப்ப கேட்டது ஒரு வாய் காபி. தொட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

நாடி சார் குடைக்காரர் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த ஞானம் எங்கோ போயிருந்தது.

"யோவ், அது சரியான தகவல்னு சொன்னியேய்யா."

"அந்தம்மா கடையில கேட்டதுன்னு அப்பவே சொன்னேனே சார். நீங்கதான் கடைசி நாளுக்கு வெச்சுக்கலாம்னீங்க" என்றார் குடைக்காரர், பாவம், வேலை போய்விடும் பயத்தில்.

படிக்கட்டில் யாரோ முதலில் சிரித்தார்கள். ஆனாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விடவில்லை. இது ஒன்று தவறிவிட்டது சரி, பள்ளிக்கூடத்துப் பின்னால் கசிவைச் சரியாகச் சொன்னாரே, அது எப்படி என்று கேட்டார். அதை அந்தக் குடைக்காரரிடம் யார் சொன்னது என்று சலவைக்காரம்மா திருப்பிக் கேட்டார். சொன்னது ஆசிரியரேதான். பிறகு தேநீர்க் கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தானும் சொன்னதாக ஒப்புக்கொண்டார். வங்கிக் காவலர் கை தூக்கினார். தையல்காரர், ஒரு பூக்காரி, இரண்டு உறுப்பினர்கள். ஊர் முழுக்கத் தனக்குத் தெரிந்ததைக் குடைக்காரர் காதில் போட்டிருக்கிறது. அதையே கம்பி வழியாகத் திரும்பக் கேட்டுவிட்டு மெய்சிலிர்த்திருக்கிறது. கேட்டதற்குக் கட்டணமும் கொடுத்திருக்கிறது.

மேலே ஏறி வந்தபோது முன்வரிசை காலியாக இருந்தது. மனைக்காரருக்கு அவசர வேலை வந்துவிட்டதாம். நாடி சார் கம்பிகளைச் சுருட்டி, துவைக்காத கோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனார். தலைக்கு மேல் குடை பிடிக்க யாரும் கூடப் போகவில்லை.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவைப் பார்க்காமலே பேசினார். மேலத்தெருக் குழாய் இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்றார். பழைய பொறியாளர் குழுவுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். பிறகு மெதுவாக, "அவங்க மாசக்கணக்காகும்னாங்களேக்கா" என்று இழுத்தார்.

"ஆகட்டும்டா. அளக்கிறவனுக்கு நேரம் பிடிக்கும். புளுகறவனுக்குத்தான் சட்டுனு முடியும்."

தீர்மானம் நிறைவேறியது. இந்த முறை தூங்குகிறவர் யாரும் இல்லை.

கூட்டம் கலையும்போது வாசலில் சிலர் பேசிக்கொண்டார்கள். இந்த ஆள் போலி, ஆனால் பக்கத்து ஊரில் ஒருவர் இருக்கிறார், அவர் நிஜமாகவே கரண்டியை வைத்தே தண்ணீர் இருக்கும் இடத்தைச் சொல்வாராம் என்று. அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கம்பி ஆடியது, சரி, அதை நாடி சாரின் மணிக்கட்டு ஆட்டியது. நிலவறைச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டே கை தட்டினீர்களே, அந்தக் கையை யாருடைய மணிக்கட்டு ஆட்டியது?