மேடத்துக்குக் கோட்டு தைத்த விவகாரம்

என் மனைவியின் தம்பியும், அந்த ஒரே காரணத்தால் எனக்கு மைத்துனருமாகிய தங்களுக்கு,

இவ்விடம் நலம் என்று எழுதுவது வழக்கம். இவ்விடம் நலமில்லை. அவ்விடம் நலமா என்று கேட்பதும் வழக்கம். அதைக் கேட்கப் போவதில்லை. நாலு நாளாக என் மனைவியின் கையால் சாப்பிடுகிறவர் நலமாக இல்லாமல் வேறு எப்படி இருப்பார்? தங்கள் துணைவியாருக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக வாடா போடா என்று கூப்பிட்டவர் திடீரென்று 'தாங்கள்' போடுகிறாரே என்று மலைக்க வேண்டாம். மரியாதை கூடிவிடவில்லை, கோபம் கூடியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் தாங்கள்தான். போன வருஷம் தாங்கள் வீடு மாற்றியபோது, கட்டிய மூட்டையெல்லாம் வண்டியில் ஏறிய பிறகும் ஏற இடமில்லாமல் வாசலில் நின்றது அந்தக் கைச்சுற்றுத் தையல் மெஷின் ஒன்றுதான். "அத்தான், இத உங்க வீட்டுல ஒரு மூலையில போட்டு வைங்க, அக்காவுக்கும் பொழுது போகும்" என்றீர்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்கள். என் விஷயத்தில் நான் எடுக்கக்கூட இல்லை. தாங்களே எடுத்து, தாங்களே என் மடியில் விட்டுவிட்டுப் போனீர்கள். ஆனாலும் ஒரு வருஷம் அது பாட்டுக்கு மூலையில் கிடந்தது. அதன்மேல் நான் பழைய செய்தித்தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். அதனால் எனக்கும் தொல்லை இல்லை, என்னால் அதற்கும் தொல்லை இல்லை. அப்புறம்தான் மேடம் வந்து சேர்ந்தார்.

மேடம் என்பது பொம்மை. ஒரு முழம் உயரம், துணி உடம்பு, பிளாஸ்டிக் கை கால், உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய தலை. பேத்தி தன் பள்ளித் தலைமையாசிரியையின் ஞாபகமாக அந்தப் பெயரை வைத்திருக்கிறாள். போன விடுமுறை முடிந்து கிளம்பும்போது பொம்மையை எங்களிடம் ஒப்படைத்து, தான் அடுத்த தடவை வருவதற்குள் மேடத்துக்கு வாரத்தில் ஏழு நாளைக்கும் ஏழு உடுப்பு தயாராக இருக்க வேண்டும், அதில் ஒன்று டாக்டர் கோட்டாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். வருகிற சனிக்கிழமை வருகிறாள். புதுத் துணி ஒரு முழம்கூட வாங்கப் போவதில்லை, வீட்டில் கிடக்கிற பழசை வைத்தே ஏழையும் தைத்துவிடுகிறேன் என்று தங்கள் அக்காள் சொன்னாள். நல்ல யோசனை என்று பாராட்டியது நான்தான். அன்றைக்கு என் நாக்கில் என்ன இருந்ததோ தெரியவில்லை.

முதலில் போனவை ஜோடி தொலைந்த காலுறைகள். குதிகாலுக்கு மேலே இருக்கிற குழாயை வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் கைக்கு ஓட்டை போட்டால், மேலே ரப்பர் பிடித்த கழுத்தோடு ஸ்வெட்டர் தயார். தையல்கூட வேண்டியதில்லை. இதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தேன், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் ஜோடி தொலைந்த காலுறை எத்தனை இருக்கும்? எங்கள் வீட்டில் இரண்டு இருந்தது. மேடத்துக்கு மூன்றாவது ஸ்வெட்டர் வந்தபோது எனக்குச் சந்தேகம் தட்டவில்லை. மறுநாள் காலையில் நடக்கக் கிளம்பி, ஒரு காலில் காலுறையைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடியபோதுதான் விஷயம் விளங்கியது. அதற்கடுத்து தலையணை உறை. அதன் வாய்ப்பக்கம் ஏற்கெனவே மடித்துத் தைத்திருக்கிறதாம், அதையே பாவாடைக்குக் கீழ்விளிம்பாக வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சமாம். வேலை மிச்சமானது அவளுக்கு. உறையில்லாத தலையணையில் கன்னத்தை வைத்துப் படுத்தது நான். பிறகு குளியல் துண்டின் ஒரு முனை மேடம் குளித்துவிட்டு வந்து போட்டுக்கொள்ளும் அங்கியாக மாறியது. நான் அந்தத் துண்டின் மிச்சத்தில் முதுகைத் துவட்ட முடியாமல் பாதி ஈரத்தோடு அலைந்தேன். பிறகு சமையலறை ஜன்னல் திரை. நான் டம்ளர் கழுவுவதை எதிர்வீட்டுப் பல் டாக்டர் இப்போது தினமும் பார்க்கிறார். பார்த்து, சரியாகக் கழுவுகிறேன் என்று தலையாட்டுகிறார்.

இதோடு விட்டிருந்தால் நான் பொறுத்திருப்பேன். என் சாம்பல் நிறச் சட்டை தங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் ஓய்வுபெற்ற நாளில், நில அளவை ஆபீஸில் என்னை மேடையில் உட்காரவைத்து, மாலை போட்டு, மூன்று பேர் மைக்கில் பேசியபோது நான் போட்டிருந்த சட்டை. வருஷத்துக்கு ஒரு முறை பென்ஷன்தாரர் சங்கக் கூட்டத்துக்கு மட்டும் அதைப் போடுவேன். போன வாரம் கூட்டத்துக்குக் கிளம்பி, வலது கையை விட்டேன், முழுக்கை. இடது கையை விட்டேன், முழங்கையிலேயே கை வெளியே வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் மேடம் அலமாரிமேல் உட்கார்ந்திருக்கிறார். என் சட்டையின் மணிக்கட்டுப் பட்டி பொத்தானோடு அவர் இடுப்பில் இருக்கிறது, மீதிக் கை அதற்குக் கீழே நீளக் கவுனாகத் தொங்குகிறது. "என்ன இது?" என்றேன். "பழைய துணிதானே, காலர் நைஞ்சு போச்சுல்ல" என்கிறாள். நைந்தது காலர், வெட்டியது கை. இது எந்த ஊர் நியாயம் என்று தாங்களே சொல்லுங்கள்.

நான் மூன்று நாள் அந்தச் சட்டையைப் பற்றிப் பேசினேன். கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கலாம். மூன்றாம் நாள் தங்கள் அக்காள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "குத்தம் சொல்ல மட்டும் நல்லா வாய் இருக்கு. டாக்டர் கோட்டு ஒண்ணுதான் பாக்கி. முடிஞ்சா நீங்க தெச்சுக் காட்டுங்க பாப்போம்" என்றாள். மலையை அளந்தவன், ஆற்றை அளந்தவன், இரண்டு பங்காளிகள் அரிவாளோடு நின்ற வரப்பில் நடுவே நின்று சங்கிலி பிடித்தவன் நான். எனக்கு ஒரு பொம்மை எந்த மூலைக்கு? மேடத்தை மேஜைமேல் படுக்கவைத்து, தோள், மார்பு, கை என்று பதினோரு அளவு எடுத்து, தாளில் வரைபடம் போட்டேன். அந்தப் பக்கமாகப் போனவள் எட்டிப் பார்த்துவிட்டு, "தையலுக்கு அரை அங்குலம் கூட விடுங்க" என்றாள். யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். இந்தப் பக்கம் ஒரு விரற்கடை விடுங்கள், அந்தப் பக்கம் ஒரு விரற்கடை விடுங்கள் என்று என் முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் கெஞ்சாதவர் இல்லை, மிரட்டாதவர் இல்லை. ஒருவருக்கும் விட்டதில்லை. ஒரு பொம்மைக்காகவா கொள்கையை மாற்றிக்கொள்வேன்?

கோட்டுக்கு வெள்ளைத் துணி வேண்டும். அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தேடினேன். அலமாரியின் அடித்தட்டில், பிளாஸ்டிக் பைக்குள், தங்கள் அக்காள் ஆஸ்பத்திரி லேபில் இருபத்தாறு வருஷம் ரத்தம் பரிசோதித்தபோது போட்டிருந்த வெள்ளைக் கோட்டு மடித்து வைத்திருந்தது. பாக்கெட்டில் ஏதோ மருந்து பட்ட ஊதாக் கறை. அவள் ஓய்வுபெற்று இரண்டு வருஷமாகிறது. நான் யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது, நன்றாக யோசித்துத்தான் செய்தேன். கோட்டு தைக்கக் கோட்டுத் துணியை விடப் பொருத்தமானது எது? கறையில்லாத முதுகுப் பக்கமாகப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டு, ஒன்பது துண்டாக, ஒரு நூல் பிசகாமல் வெட்டினேன். பிறகு தங்கள் மெஷினில் உட்கார்ந்தேன். தைக்கத் தைக்கத் துண்டுகள் ஒவ்வொன்றாகச் சிறுத்தன. கை உள்ளே போகவில்லை. முன்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன, நடுவே யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்காக மூன்று விரற்கடை. மெஷினில் ஏதோ கோளாறு என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் உள்ளே வந்தாள்.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. முதுகில் ஜன்னல் வைத்த கோட்டைக் கையில் எடுத்து, "இது எங்கேந்து எடுத்தீங்க?" என்றாள். "அலமாரியிலதான். பழைய துணிதானே. ரிட்டயர் ஆனவளுக்குக் கோட்டு எதுக்கு?" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவள் கோட்டை மடித்துக்கொண்டே சொன்னாள், "உங்களுக்கு மாலை போட்டாங்க. மூணு பேரு பேசினாங்க. எனக்கு அன்னிக்கு யாரும் எதுவும் செய்யல. ஷிஃப்ட்டு முடிச்சேன், ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டேன், பஸ் ஏறி வந்தேன். வரும்போது இதக் கொண்டு வந்தேன். அவ்வளவுதான்." மடித்ததை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அரைமணி நேரத்தில் வாசலில் வண்டி வந்து நிற்கிறது, மெஷின் ஏறுகிறது, பெட்டி ஏறுகிறது. போகிறேன் என்று என்னிடம் சொல்லவில்லை. மேடத்திடம் சொன்னாள். "நான் தம்பி வீட்டுக்குப் போறேன். அவர் கேட்டா சொல்லிடு." நான் கேட்கவும் இல்லை, மேடம் சொல்லவும் இல்லை.

இது அடுக்குமா என்று கேட்கிறேன். காலுறை, தலையணை உறை, துண்டு, திரை, சட்டை என்று அவள் வெட்டியது ஐந்து. நான் வெட்டியது ஒன்று. வீட்டை விட்டுப் போக வேண்டியவர் யார்? நீயே சொல்லுடா. மன்னிக்கவும், தாங்களே சொல்லுங்கள். போன் செய்தால் தாங்கள் எடுத்து, "அக்கா தூங்குது அத்தான்" என்கிறீர்கள். மணி காலை பதினொன்று. அக்கா தூங்கினால் பின்னால் மெஷின் சுற்றுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது? தங்கள் வீட்டுத் திரைச்சீலைகளை இப்போதே எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.

என்னை உண்மையிலேயே கொதிக்க வைப்பது வேறு. அந்தக் கடைசி நாள் சமாசாரத்தை இரண்டு வருஷமாக என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் இவ்வளவு லேட்டு? காபி போடு" என்று சொன்னது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. காபியும் போட்டுக் கொடுத்தாள். சொல்லியிருந்தால் கடைத்தெருவுக்கு ஓடிப் போய் நானே ஒரு மாலை வாங்கி வந்திருக்க மாட்டேனா? சொல்லாமலே தெரிந்துகொள்ள நான் என்ன ஜோசியனா? கேட்டிருக்கலாமே என்று தாங்கள் சொல்வீர்கள். கேட்டிருக்கலாம்தான். அதை எனக்குச் சொல்லித்தர மைத்துனர் தேவையில்லை.

நான் வருத்தப்படுகிறேன் என்று அங்கே யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒன்பது துண்டையும் தையல் பிரித்து, கோட்டு முதுகில் பழைய இடத்திலேயே வைத்து, இரண்டு நாளாக ஊசியால் ஒட்டுப் போட்டிருக்கிறேன். அது பரப்பளவைச் சரிபார்ப்பதற்காக மட்டும். சரிபார்த்ததில், ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கமும் கால் அங்குலம் விழுங்குகிறது என்று தெரிகிறது. முதுகு நாலு அங்குலம் குறைந்திருக்கிறது. கோட்டு இப்போது தங்கள் அக்காளுக்கும் சேராது, மேடத்துக்கும் சேராது. இரண்டு பேருக்கும் நடுவில் யாராவது இருந்தால் போட்டுக்கொள்ளலாம். என் இடது கையில் எட்டு இடத்தில் ஊசிக் குத்து. துணியில் அங்கங்கே சிவப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. ரத்தம் பார்த்த கோட்டுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

ஆகவே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மெஷின் இங்கே வந்தாக வேண்டும். மெஷினுக்குத் தானாகச் சுற்றத் தெரியாது என்பதால் சுற்றுகிறவளும் கூட வர வேண்டும். மெஷின் மட்டும் வந்தால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். சனிக்கிழமை காலையில் பேத்தி வந்து இறங்கி, பாட்டி எங்கே என்று கேட்டால் நான் யாரைக் காட்டுவது? நானே வந்து அழைப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நட்ட எல்லைக்கல்லை நான் பிடுங்கியதில்லை. இதைத் தங்கள் அக்காளிடம் இதே வார்த்தைகளில், இதே காரத்தோடு வாசித்துக் காட்டவும்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அங்கே தற்காலிகமாகத் தங்கியிருக்கும் என் குடும்பத்தாரும், நோய் நொடியில்லாமல், முழுக்கைச் சட்டைகளோடும் இரண்டு காலிலும் காலுறையோடும் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் அக்காளின் கணவன்
(இந்தத் தேதி வரைக்கும்)

பின்குறிப்பு: தபாலில் போட்டால் இது திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்று தபால்காரர் சொல்கிறார். அதனால் நானே எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வருகிறேன். நீ இதைப் படிக்கும்போது எதிர் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். படிக்கும்போது சிரிக்காதே, என் முகத்தையும் பார்க்காதே. மேலே எழுதியிருக்கிற எதையும் அக்காவிடம் வாசித்துத் தொலைக்காதே. யார் வந்திருக்கிறார் என்று சொல்லாமல் அவளைக் கூப்பிடு. சொன்னால் வர மாட்டாள். அவள் வந்து நின்றதும் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லிப் பழக்கமில்லாததால் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் அடைத்துவிட்டால், நீ பக்கத்தில் நின்று மெதுவாக எடுத்துக் கொடுடா: தப்பு என்மேல்தான்.