அம்மா, அது சாமி இல்ல!

தைரியசாலிகளிடம் சொல்வதற்குக் கதையே இருக்காது. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளிடம் மூட்டை மூட்டையாக இருக்கும். தோளில் பல்லி விழுந்தால் தெருமுனை வரை கேட்கும்படி கத்துகிற ரகம் நான். அப்படிப்பட்டவன் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கொண்டதோ பிளாஸ்மா, அதாவது மின்சாரத்தால் சுடராக எரியும் காற்று. கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்தது அல்ல. திறந்த காற்றிலேயே, ஒரு பித்தளைக் கம்பியின் நுனியில், சுண்டுவிரல் உயரத்துக்கு நின்று எரியும் பிளாஸ்மா.

அதற்கு நொடிக்குப் பல லட்சம் தடவை திசை மாறும் மின்சாரம் வேண்டும். அதில் ஒரு வில்லங்கம். சாதாரண கரண்ட் மாதிரி அது உதறாது. உதறினால் கையையாவது எடுப்போம். இது சத்தமே போடாமல் தோலை வேகவைத்துவிடும். (இதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கம்பியை மூங்கில் குச்சியால்தான் தொடுவேன், அணைத்து வைத்திருந்தாலும்!)

விம்கோ நகரில் இருந்த சித்தப்பாவின் லேத் பட்டறை மூலையில் அதைக் கட்டினேன். மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும் அது பற்றவே இல்லை. "இன்னாடா இது, எதுக்குத்தான் ஆவும்?" என்று சித்தப்பா கேட்கும்போதெல்லாம், "வெல்டிங் மெஷின் மாதிரி" என்று மழுப்பிவிடுவேன்.

ஆயுத பூஜை வந்தது. லேத்துக்கும் கிரைண்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்த கையோடு, சித்தப்பா என் கம்பிக்கும் ஒன்று வைத்துவிட்டார். மீன் கடையைச் சாத்திவிட்டு அம்மாவும் வந்திருந்தாள். கற்பூரம் காட்டும்போது ஒவ்வொரு மெஷினையும் கொஞ்சம் ஓட்டிக் காட்டுவது பட்டறை வழக்கம்.

"உன்னுதையும் போடு நைனா."

"அது ஓடாது சித்தப்பா."

"பூஜ அன்னிக்கி மெஷினு சும்மா நிக்கக் கூடாதுடா. போடு!"

எப்படியும் பற்றாது என்ற தைரியத்தில் (என் வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே தைரியம்) சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டேன். சித்தப்பா கற்பூரத் தட்டைச் சுற்றிக் காட்டினார். கற்பூர நெருப்பு கம்பி நுனியில் பட்டது. 'ஸ்ஸ்ஸ்' என்றது. அவர் தட்டை எடுத்துவிட்டார். சுடர் மட்டும் நுனியிலேயே ஊதா நிறத்தில் நின்றுகொண்டது. மூலையில் சாத்தி வைத்திருந்த, ஒயரே இல்லாத பழைய டியூப்லைட் தானாக எரிந்தது (அதுவும் என் மின்சாரம் காற்று வழியே செய்த வேலைதான்).

மணியடித்துக்கொண்டிருந்த பட்டறைத் தொழிலாளி மணியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மொத்தப் பட்டறையும் ஆரத்தி ஒற்றிக்கொள்ள வரிசை கட்டிவிட்டது. முதல் ஆள் அம்மா. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "தாயே" என்று அந்தச் சுடரை நோக்கிப் போனாள்.

அந்தக் கையால் வவ்வால் மீனும் வஞ்சிரமும் வெட்டித்தான் அவள் என்னைப் படிக்க வைத்தாள். பதறிப்போய் சுவிட்சைத் தட்டினேன், கிரைண்டர் ஓடியது. இன்னொன்றைத் தட்டினேன், ஃபேன் நின்றது.

"அம்மா! தொடாத! அது சாமி இல்ல!"

"நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சுடா பேசற? கன்னத்துல போட்டுக்கோ!" என்றபடி அம்மா கையை இன்னும் நீட்டினாள்.

பாய்ந்து போய், அவள் கைக்கும் சுடருக்கும் நடுவில் என் உள்ளங்கையைக் கொடுத்தேன். ஷாக் இல்லை, வலிகூட இல்லை. தோல் கருகும் நாற்றம் மட்டும் வந்தது. சித்தப்பா ஓடிப்போய் மெயினை அணைத்தார். உள்ளங்கையில் அரிசி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. உடைக்க வைத்திருந்த பூசணிக்காய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"ரொம்ப வலிக்குதா நைனா?" என்றாள் அம்மா.

"வலிக்கல."

"அப்பால இன்னாத்துக்கு அழுவற?"

"நீ தொட்டிருந்தா..."

அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "புள்ளைக்குக் கொஞ்சம் பொரி குடுங்க" என்றாள்.

ப்ராஜெக்ட் அறிக்கையில் 'பற்றவைக்கும் முறை: கற்பூரம்' என்று எழுதினேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டு 'தீச்சுடர்' என்று திருத்தினார். உள்ளங்கையில் அந்தப் புள்ளி இன்னும் மறையவில்லை.

இப்போதும் கோயிலில் ஆரத்தித் தட்டு வந்தால், அம்மா நீட்டிய கையை நடுவழியில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்புவாள். "நைனா, இது சாமிதான? தொட்டுக்கலாமா?"

பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஐயர் முறைப்பார். நானோ, யார் சிரித்தால் என்ன என்று, முதலில் என் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறேன்.