பசாசை விட ஹெட்செட் தேடிய படலம்

உள்துறைமுகத்து உப்புத் தண்ணீரின் மேல் ஆணை, பங்குக் கோயில் மணியின் மேல் ஆணை, இங்கே சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குறைத்துச் சொன்னது உண்டு, கூட்டிச் சொன்னது கிடையாது.

வாழ்க பஸ்தியாம்பிள்ளை! முப்பத்தொரு வருடம் இழுவைக்கப்பல் ஓட்டிய திண்தோளர், ஊதுகுழல் பழுதான நாளிலே வெறுங்குரலால் சீமெந்துக் கப்பலொன்றை விலகி ஓடச்செய்த வெண்கலத் தொண்டையர், மனைவி இன்பமலரின் இருமலுக்கு மாத்திரம் அஞ்சும் அஞ்சாநெஞ்சர்! மெல்பேர்ணில் வாழும் மகள் ஜெசிகா, தன் தலைப்பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாய் நிற்கும் பெரும்பேற்றை இவருக்கே அளித்திருந்தாள். ஞாயிறு காலை ஏழரைக்கு, கடல் கடந்த அந்தக் கோயிலிலே சுவாமியார் "பசாசை விட்டுவிடுகிறீரா?" என்று கேட்பார், இவர் ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்து லப்டொப் வழியே "விட்டுவிடுகிறேன்" என்று மும்முறை முழங்கவேண்டும்.

வியாழன் ஒத்திகை. பழைய போனின் ஹெட்செட்டை லப்டொப்பில் செருகிக் கதிரையில் வீற்றிருந்தார். கேள்வி வந்தது. முழங்கினார், குசினியில் கிண்ணம் அதிர்ந்தது. மெல்பேர்ணுக்கோ வெறும் வாயசைவுதான் போய்ச் சேர்ந்தது, வலையில் ஏறிய பாரைமீனின் வாய்போல.

மூதூரிலிருந்து அதே சூம் அழைப்பில் புதுப் பளபளப்பு ஹெட்செட்டோடு காத்திருந்த சம்பந்தி அஞ்சலோ தொண்டையைச் செருமினார். "பஸ்தியர் பசாசை விடமாட்டார் போல கிடக்கு. நான் விடட்டோ பிள்ளை?"

"அப்பா, ஞாயிறும் உங்கட சத்தம் வராட்டி மாமாவைத்தான் ஞானத்தகப்பனா நிப்பாட்ட வேணும்," என்றாள் ஜெசிகா.

இடி விழுந்த பாய்மரமாய் நின்றவர், வெள்ளி காலையில் வஞ்சினம் கூறி எழுந்தார்: "ஒன்றில் ஹெட்செட்டோடு வருவேன், இல்லையேல் ஹெட்செட் கடையோடு வருவேன்!" இன்பமலரின் கோயில் சேலையில் லப்டொப்பைச் சுற்றிச் சைக்கிளில் கட்டி, ஊருக்குள் மாடுகளாய்த் திரிந்து, பகைவர் படையெனப் பஸ் நிலையத்தை மறித்துக் கிடந்த புள்ளிமான்களை மணியடித்துப் பிளந்து, நான்கு கடை ஏறி நான்கிலும் புறமுதுகு காட்டி, ஐந்தாவதாகப் பாயிஸின் கடையை முற்றுகையிட்டார்.

பாயிஸ் லப்டொப்பின் விலாவைத் தடவிப் பார்த்தார். "ஐயா, இப்ப வாறதெல்லாம் ஒத்தை முனை. இதில ரெண்டு ஓட்டை. ஒண்டு கேக்க, மற்றது கதைக்க. பிழையான முனையைக் குத்தினா லப்டொப் தன்ர வாயையும் பொத்திக்கொள்ளும்."

"கேக்கிறது வீட்டில வேண்டிய மட்டும் நடக்குது தம்பி. கதைக்கிற ஓட்டையைப் பாருங்கோ!"

பார்ப்பதற்குள் ஜும்ஆவுக்கு நேரமாயிற்று; கோட்டைக் கதவென இறங்கியது கடையின் இரும்புத் திரை. வாசற்படியிலே காவலிருந்தார் வீரர். ஒரு மான் வந்தது. சேலைத் தலைப்பைத் தின்றது. அசையவில்லை அவர். இன்பமலரிடம் இதற்கு என்ன சொல்வது என்று மட்டும் யோசித்தார்.

தொழுகை முடிந்து வந்த பாயிஸ் பரணேறி, எப்போதோ மூடிப்போன தொலைபேசிக் கடையின் சாமான்களுக்குள் கைவிட்டு, பச்சை முனையும் ரோசா முனையுமாய் இரட்டை வாலாட்டும் பழம்பெரும் ஹெட்செட் ஒன்றைத் தூசியோடு இழுத்தெடுத்தார். பாற்கடல் கடைந்தோர்கூட இத்தனை தும்மியிருக்கமாட்டார்கள். செருகினார்கள், பொருந்தியது. "கண்டேன்!" என்ற கர்ச்சனையில் மான்கள் மறுபடியும் சிதறின.

ஞாயிறு. வெள்ளைச் சட்டை, செபமாலை, மணிமுடிக்குப் பதில் அந்த ஹெட்செட். மேசையில் முழங்கை இரண்டையும் ஊன்றினார். சுவாமியார் கேட்டார். முதல் முழக்கத்தில் முருங்கைக் காகங்கள் பறந்தன. இரண்டாவதில் அயல்வீட்டார் தாங்களும் விட்டுவிடுவதாக மதிலுக்கு மேலால் கூவினர். மூன்றாவதில் மெல்பேர்ணிலே குழந்தை வீரிட, சுவாமியார் ஓரடி பின்வாங்க, பசாசு அந்தக் கண்டத்தையே விட்டு ஓடியது. மூதூரில் அஞ்சலோ தம் பளபளப்பைக் கழற்றி வைத்தார். "அப்பா, நல்ல கிளியராக் கேட்டது!" என்று ஜெசிகா கண் துடைத்தாள். வீரர் எழுந்து, ஹெட்செட்டை முத்தமிட்டார்.

பிறகு வீடு கூட்டும்போது இன்பமலர் பார்த்தார்: பச்சை முனையும் ரோசா முனையும் செருகப்படாமல் கதிரைக்குக் கீழே கிடந்தன, முழக்கம் மூன்றும் போனது லப்டொப்பிலேயே உள்ள மைக் வழியாக.