காலைச் சாப்பாட்டுக்கு ஒரு விண்ணப்பம்

ஒரு காட்டில் ஒரு காகம் தேடல் சேவை நடத்திவந்தது. எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் போதும், ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்து பத்து இடம் சொல்லும். சொன்ன பத்தில் ஏழு சரியாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கிறவர்கள் வேறு காட்டுக்குப் போகலாம்.

அந்தக் காட்டில் வெள்ளைத்தாய் என்று ஒரு முயல் இருந்தாள். ஆவாரம் புதருக்கடியில் வளை, வளைக்குள் நான்கு குட்டிகள். மேயப் போகுமுன் தினமும் காகத்திடம், “சிறுத்தை இன்னிக்கு எங்கே?” என்று கேட்பாள். காகம் சொல்லும். அவள் எதிர்த் திசையில் போவாள்.

அவள் போன பிறகு உக்கிரபாண்டி வருவான். அவன்தான் சிறுத்தை. பேரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், விலா எலும்பை எண்ணிவிடலாம். “காலைச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?” என்று கேட்பான். காகம் அவனுக்கும் உண்மையைத்தான் சொல்லும், ஆனால் அவன் போய்ச் சேருவதற்குள் சாப்பாடு இடம் மாறியிருக்கும். எலியையும் ஓணானையும் தின்றே ஆறு வருஷம் ஓட்டிவிட்டான். இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளைத்தாய் சிறுத்தையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவனும் முயலைப் பார்த்ததே இல்லை. சேவை அவ்வளவு ஒழுங்காக நடந்தது.

ஒழுங்காக நடப்பதை விட்டுவைப்பார்களா? சிங்கத்தின் அலுவலகத்தில் ஒரு ஓலையைத் தொங்கவிட்டார்கள். அடுத்த வருஷச் சித்திரைப் பௌர்ணமியோடு காகச் சேவைக்கு ஓய்வு, இனி கிளிச் சேவை, எல்லோரும் மாறிக்கொள்ளவும் என்று அதில் எழுதியிருந்தது. ஓலை ஒரு வருஷம் தொங்கியது. எல்லோரும் அதன் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். அநேகமாக ஒருவரும் படிக்கவில்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை வெள்ளைத்தாய் வழக்கம்போல வந்து கேட்டாள்.

“இந்தச் சேவை ஓய்வு பெற்றுவிட்டது. ஓலையைப் பார்க்கவும்” என்றது காகம்.

“நீ கிளையில்தானே உட்கார்ந்திருக்கே? உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும். சொல்லக் கூடாது.”

அவள் வளையை நினைத்துக்கொண்டாள். தான் போய் மாட்டிக்கொண்டால் வளைக்குள் இருக்கிற நான்கும் பட்டினியில் செத்துப்போகும். வேறு வழியில்லாமல் கிளியின் நிலையத்துக்கு ஓடினாள். அங்கே ஊரே வரிசையில் நின்றது.

முதலில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சாவி கொடுத்தார்கள். “பூட்டு எங்கே?” என்று கேட்டது ஒரு கீரி. “பூட்டெல்லாம் கிடையாது. சாவி இல்லாமல் கேள்வி கேட்க முடியாது, அவ்வளவுதான்” என்றது கிளி. கேள்வியையும் வாயால் கேட்கக் கூடாதாம், இலையில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். முன்பு மாதிரி பத்து இடம் வராது. கிளியே யோசித்து ஒரே பதிலாக எழுதி வீட்டுக்கு அனுப்பும்.

ஒரு காட்டுப்பன்றி வரிசையைப் பிளந்துகொண்டு வந்தது. முன்கூட்டியே மாறிக்கொண்ட ஒரே பிரஜை அதுதான். “கிழங்கு எங்கேன்னு கேட்டேன். என்ன எழுதியிருக்கே பாரு. ‘கிழங்குகள் பொதுவாக மண்ணுக்கு அடியில் காணப்படுகின்றன. மேலும் விவரங்களுக்குத் தோண்டிப் பார்க்கவும்.’ இதுக்கா மூணு நாள்?” என்று கத்தியது. கிளிக்கு முகம் தொங்கிப்போயிற்று. அன்றிலிருந்து கேள்வி வந்தால் கிளி பின்வாசல் வழியாகப் போய்க் காகத்தைக் கேட்டு எழுத ஆரம்பித்தது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

வெள்ளைத்தாய் தன் இலையை எழுதி முடித்தபோது பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினாள். மஞ்சளாக, புள்ளி புள்ளியாக, ஒல்லியாக ஒரு ஆள் நின்றான்.

“தங்கச்சி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காக்கா இருந்தவரைக்கும் தேவைப்படல. ஒரு வரி எழுதிக் கொடுக்கிறியா?”

“என்னண்ணே எழுதணும்?”

“காலைச் சாப்பாடு எங்கே கிடைக்கும்னு எழுது. வேறொண்ணும் வேண்டாம்.”

பாவம், பசிக்கிற ஆள் என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. அழகாக எழுதிக் கொடுத்தாள். முகவரி கேட்ட இடத்தில் அவன் விழித்தான், நிரந்தர விலாசம் கிடையாதாம். சரி, நம் வீட்டு விலாசத்தையே போடுவோம் என்று ஆவாரம் புதர் என எழுதிவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்து மேலே கிளையில் உட்கார்ந்திருந்த காகம் கண்ணை மூடிக்கொண்டது.

“நீ என்ன கேட்டிருக்கே?” என்றான் அவன்.

“எனக்கு ஆகாத ஒருத்தன் இந்தக் காட்டில் இருக்கான் அண்ணே. அவன் எங்கே இருக்கான்னு தெரியாம வெளியே தலை காட்டவே பயமா இருக்கு.”

“பதில் வர்ற வரைக்கும் நான் உன் வாசலில் காவல் இருக்கேன். எவன் வாறான்னு பார்ப்போம்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப்பிறந்தவர்கள்கூட இப்படிச் சொன்னதில்லை.

மூன்று நாள் வளைவாசலில் அவன் காவல் இருந்தான். நிம்மதியாக மேய்ந்துவிட்டு வந்தாள். குட்டிகள் அவன் வாலில் சறுக்கி விளையாடின. அவ்வப்போது அவன் மூக்கை உறிஞ்சி, “இங்கே என்னமோ நல்ல வாசனை வருது தங்கச்சி” என்பான். “ஆவாரம்பூ அண்ணே” என்பாள். மூன்றாம் நாள் அவன் வயிறு போட்ட சத்தத்தில் குட்டிகள் பயந்து உள்ளே ஓடிவிட்டன.

நாலாம் நாள் காலை கிளி இரண்டு இலைகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. வெள்ளைத்தாய் முதலில் தன்னுடையதைப் பிரித்தாள்.

“சிறுத்தை: மஞ்சள் உடல், கறுப்புப் புள்ளி, மிகவும் ஒல்லி. தற்போது உங்கள் வாசலில்.”

இரண்டாவது தடவையும் படித்தாள். எழுத்து மாறவில்லை.

“உனக்கு என்ன வந்திருக்கு?” என்று கேட்டான் உக்கிரபாண்டி.

“சரியாப் புரியலண்ணே.”

“எனக்கு வந்ததைப் படி.”

அவள் அவன் இலையைப் பிரித்தாள்.

“உங்கள் காலைச் சாப்பாடு: ஆவாரம் புதருக்கடியில். நீளக் காது இரண்டு, குட்டிக் காது எட்டு.”

“என்ன தங்கச்சி போட்டிருக்கான்?” பசியில் அவன் நாக்கு வெளியே தொங்கியது. வளைக்குள்ளிருந்து எட்டுக் குட்டிக் காதுகளும் வெளியே எட்டிப் பார்த்தன.

வெள்ளைத்தாய் மூச்சை இழுத்துவிட்டாள்.

“நிராகரிச்சுட்டாங்கண்ணே. பழைய படிவத்தில் எழுதிட்டோமாம். புதுப் படிவத்தில் மறுபடி விண்ணப்பிக்கணுமாம்.”

அவன் எட்டி அந்த இலையைப் பார்க்கவில்லை. நிஜமாவா என்று கேட்கவில்லை. கோபம்கூடப் படவில்லை.

“நினைச்சேன்” என்றான். “அவ்வளவு சீக்கிரம் கொடுத்துருவாங்களா என்ன? வா, வந்து எழுதிக் கொடு.”

போய் எழுதிக் கொடுத்தாள். இதுவரை பதினொரு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒருமுறை கையெழுத்து சரியில்லையாம், ஒருமுறை சாவி காலாவதியாம். சாப்பாட்டுக்கு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை இடைக்கால நிவாரணமாக எலி பிடித்துக்கொள்ளலாம் என்றும் அவளே ஒரு பதிலைப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவன் பிழைத்துக் கிடக்கிறான்.

வேறு இடம் பார்த்துப் போகலாமே என்று கீரி கேட்டதற்கு அவள் சொன்னாள்: “எதுக்கு? சிறுத்தை எங்கே இருக்குன்னு இப்போ நான் யாரையும் கேக்க வேண்டியதில்லை. வரிசையில்தான் நிக்கும்.”

நீதி: உன்னைத் தின்ன வருகிறவனுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.